கிருபை, விசுவாசம், கிரியை: மூன்று சொற்களும் அவற்றின் உருபுகளும்

ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாட வசனத்தை எழுதச் சொல்லியிருந்தேன். ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி கோடு போட்ட நோட்டில் குண்டு குண்டாக எழுதிக் கொண்டுவந்தாள்: 'கிரியையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்.' கிருபை இருக்க வேண்டிய இடத்தில் கிரியை வந்துவிட்டது. திருத்திக் கொடுத்ததும், "ரெண்டும் ஒண்ணுதானே டீச்சர்?" என்று கேட்டாள். ஓசையில் அவள் கேட்டது சரிதான். பொருளில், புதிய ஏற்பாட்டில் அப்போஸ்தலர் பவுல் எபேசியருக்கு எழுதிய நிருபம் எதை மறுக்கிறதோ அதையே அவளுடைய நோட்டு சொல்லிக்கொண்டிருந்தது.

இரண்டும் வடசொற்கள்தாம், ஆனால் உறவில்லாதவை. கிருபை 'க்ருபா' என்பதிலிருந்து வந்தது. துயரைக் கண்டு மனம் உருகுவது, இரங்குவது என்பது அதன் வேர்ப்பொருள். கிரியை 'செய்' என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்தது. கர்மம், காரியம், கர்த்தா எல்லாம் அந்தக் குடும்பத்துச் சொற்கள். ஒன்று உருகும் மனம், மற்றது உழைக்கும் கை.

கிருபைக்குப் பவுல் கிரேக்கத்தில் எழுதிய சொல் 'காரிஸ்'. மகிழ்தல் என்ற வினையோடு உறவுடையது அது. அழகு, தயவு, கொடை, கொடைக்குச் சொல்லும் நன்றி எல்லாம் அந்த ஒரே சொல்லுக்குள் அடங்கும். கிருபையில் இரக்கம் உண்டு. அந்த மகிழ்ச்சி இல்லை. 'ஐயோ பாவம்' என்று போடும் பிச்சைபோல அதைப் பலர் புரிந்துகொள்வதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

பழைய ஏற்பாட்டில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. நோவாவுக்குக் கர்த்தருடைய கண்களில் 'கிருபை கிடைத்தது' என்ற இடத்தில் எபிரெயச் சொல் 'ஹேன்', அதாவது தயவு. 136ஆம் சங்கீதத்தில் 26 வசனங்களிலும் திரும்பத் திரும்ப வரும் 'அவர் கிருபை என்றுமுள்ளது' என்பதிலோ மூலச்சொல் 'ஹெசெத்': கொடுத்த வாக்கை விட்டு விலகாத அன்பு. பழைய மொழிபெயர்ப்பில் இரண்டும் கிருபைதான். 1995இல் வந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு சங்கீதத்தில் 'பேரன்பு' என்று பிரித்துக் காட்டியது நல்ல முடிவு.

கிருபை எதுவல்ல என்பதைப் பவுலே ஒரு கூலியாளை வைத்து விளக்குகிறார். 'கிரியை செய்கிறவனுக்கு வருகிற கூலி கிருபையென்றெண்ணப்படாமல், கடனென்றெண்ணப்படும்' (ரோமர் 4:4). சாயங்காலம் கூலி வாங்குகிறவன் முதலாளிக்கு நன்றிக்கடன் பட்டவன் அல்லன். கொடுக்க வேண்டியதை முதலாளி கொடுக்கிறார், அவ்வளவுதான். சம்பாதித்தது எதுவானாலும் அது கிருபை ஆகாது.

அப்படியானால் கிரியை எதற்கு? இதற்கான விடையை நான் தமிழ் வேற்றுமை உருபுகளில்தான் கண்டுகொண்டேன். எபேசியர் 2:8 முதல் 10 வரை மெதுவாகப் படித்துப் பாருங்கள். கிருபையின்'ஆலே', விசுவாசத்தைக்'கொண்டு', நற்கிரியைகளைச் செய்கிறதற்'கு'. முதல் இரண்டும் மூன்றாம் வேற்றுமை. ஆனால் 'ஆல்' இங்கே காரணத்தைச் சொல்கிறது, 'கொண்டு' கருவியைச் சொல்கிறது. மூன்றாவது நான்காம் வேற்றுமை: நோக்கம். கிருபை காரணம், விசுவாசம் அதை வாங்கிக்கொள்ளும் கை, நற்கிரியை அதன் பயன். கிரேக்கத்திலும் மூன்றுக்கும் மூன்று வெவ்வேறு அமைப்புகள். பழைய மொழிபெயர்ப்பாளர்கள் அதைக் கூர்மையாகப் பிடித்திருக்கிறார்கள். சிறுமி செய்த பிழை 'கு' ஏற்க வேண்டிய சொல்லில் 'ஆல்' சேர்த்ததுதான்.

'விசுவாசத்தினால் மாத்திரம்' என்ற தொடர் வேதத்தில் ஒரே இடத்தில் வருகிறது, அதுவும் மறுப்பாக: மனுஷன் 'விசுவாசத்தினாலேமாத்திரமல்ல' நீதிமானாக்கப்படுகிறான் என்கிறார் யாக்கோபு (2:24). சீர்திருத்த இயக்கத்தைத் தொடங்கிய லூத்தர் 1522இல் ரோமர் 3:28ஐ ஜெர்மன் மொழிக்குக் கொண்டுவந்தபோது 'மாத்திரம்' என்ற சொல்லைச் சேர்த்தார். 1547இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரிதெந்து சங்கம் அவருடைய போதனைக்கு எதிராகத் தீர்மானித்தது. 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கரும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பினரும் கையெழுத்திட்ட கூட்டறிக்கை, நாம் ஏற்றுக்கொள்ளப்படுவது கிருபையினால் மாத்திரமே, நம் தகுதியினால் அல்ல, ஆவியானவர் நம்மை நற்செயல்களுக்கு ஆயத்தப்படுத்தி அழைக்கிறார் என்று அறிவித்தது. அந்த உருபுகளின் வரிசையே அங்கும் நிற்கிறது.

கிரியை என்ற சொல் தமிழில் இன்னொரு பொருளையும் சுமக்கிறது. சைவத்தில் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்பதில் அது வழிபாட்டுச் சடங்கு. இறுதிக் கிரியை என்றால் ஈமச்சடங்கு. பவுல் எதிர்க்கும் 'நியாயப்பிரமாணத்தின் கிரியைகள்', அதாவது யூதச் சட்டம் விதித்த செயல்கள், விருத்தசேதனம் போன்றவை. அவற்றுக்கு இந்தச் சடங்குச் சாயல் ஓரளவு பொருந்தும். யாக்கோபு கேட்பதோ வஸ்திரமில்லாதவனுக்கு வஸ்திரமும் பசித்தவனுக்கு ஆகாரமும். அதற்குச் 'செயல்' என்பதே தெளிவு.

விசுவாசத்துக்கு நேர் தமிழ் நம்பிக்கை. ஆனால் எஜமான் மேல் விசுவாசம் என்று சொல்லும்போது அதில் உண்மை தவறாத பற்றும் இருக்கிறது. கிரேக்கத்தின் 'பிஸ்டிஸ்' என்ற சொல்லுக்கும் அந்த இரண்டு பொருளும் உண்டு என்பதால், விசுவாசம் என்ற சொல்லை இழக்க எனக்கு மனம் வரவில்லை.

கிருபைக்குரிய தமிழ்ச்சொல் அருள். 'அருளென்னும் அன்பீன் குழவி' என்கிறது குறள் (757). உறவு பார்த்து வருவது அன்பு. உறவு பாராமல் எல்லா உயிர்மேலும் செல்வது அருள் என்று உரைகாரர்கள் பிரிப்பார்கள். தகுதி பாராத காரிஸுக்கு இதைவிட நெருங்கிய சொல் நம்மிடம் இல்லை. 'அவனருளாலே அவன்தாள் வணங்கி' என்ற மாணிக்கவாசகர் வரியிலும் வணங்குவதற்கே அருள் முந்தி வருகிறது. 'ஆல்' உருபும் அதே இடத்தில் நிற்கிறது.

இன்று 'அருள் நிறைந்த மரியே' என்று தொடங்கும் ஜெபத்தைக் கத்தோலிக்க வீடுகளில் முன்பு 'பிரியதத்தத்தினாலே பூரண மரியே' என்று சொல்வார்கள். பிரியம், தத்தம்: பிரியத்தோடு கொடுக்கப்பட்டது. வழக்கொழிந்துவிட்ட அந்தச் சொல்லில் காரிஸின் கொடையும் மகிழ்ச்சியும் இரண்டுமே இருந்தன.