பழைய சிந்தசைசர் வாங்குவோர் கவனத்துக்கு: உப்புக்காற்று, பேட்டரிக் கசிவு, தவறான வோல்ட்

நாற்பது வருஷம் ஜப்பானில் யாரோ ஒருவர் வீட்டில் பத்திரமாக இருந்த ரோலண்ட் ஜூனோ-106 சிந்தசைசர் ஒன்று நாகர்கோவிலுக்கு வந்து சேருகிறது என்று வையுங்கள். வாங்கியவருக்கு அட்டைப்பெட்டியைப் பிரித்ததும் சத்தம் கேட்டுப் பார்க்கத்தான் கை போகும். பின்பக்கத் தகட்டில் 100 வோல்ட் என்று இருப்பதைப் பார்க்காமல் 230 வோல்ட்டில் செருகினால் முதலில் ஃப்யூஸ் போகும். ஃப்யூஸ் போனதோடு நின்றால் அதிர்ஷ்டம். டிரான்ஸ்ஃபார்மரின் உள்சுற்று எரிந்துவிட்டால் அதே அளவு, அதே வோல்ட்டில் மாற்று கிடைப்பது கஷ்டம். இப்படிக் கெடும் கருவிகளில் பெரும்பாலானவற்றைக் காப்பாற்றியிருக்க முடியும். அதனால்தான் இதை எழுதுகிறோம்.

வளைகுடாவிலிருந்து வருபவை பெரும்பாலும் 220–240 வோல்ட். ஆனாலும் தகட்டைப் படித்துவிடுங்கள். அமெரிக்காவிலிருந்து வருபவை 117 அல்லது 120. ஜப்பானியவை 100. நம் கடைகளில் சுலபமாகக் கிடைக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் 230-ஐ 110 ஆக்கும். நம் லைன் 250-க்கு ஏறும் ராத்திரியில் அதே பெட்டி கிட்டத்தட்ட 120 வோல்ட் தரும். 100 வோல்ட் கருவிக்கு அது 20 சதவீதம் அதிகம்; உள்ளே இருக்கும் ரெகுலேட்டர் கை வைக்க முடியாதபடி சுடும். ஆகவே ஜப்பானியக் கருவிக்கு 230–100 என்று சொல்லிச் செய்து வாங்குங்கள். தகட்டில் உள்ள வாட்டைப்போல் இரண்டு மடங்கு தாங்க வேண்டும். இரண்டு சுற்றும் தனித்தனியாக இருக்கும் ஐசொலேஷன் வகையாகவும் இருக்கட்டும்.

வோல்ட் சரியாக இருந்தாலும், பல வருஷம் தூங்கிய கருவிக்கு முதல் மின்சாரத்தை நேராகக் கொடுக்கக் கூடாது. ரேடியோ மெக்கானிக்குகளின் பழைய சீரியஸ் பல்ப் முறைதான் இதற்கும். 60 வாட் குண்டு பல்பைக் கருவியோடு தொடரில் இணைத்து ஸ்விட்ச் போடுங்கள். பல்ப் ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட்; உடனே அணைத்துவிடுங்கள். டாண்டலம் கண்டன்சர்கள் இப்படி ஷார்ட் ஆவது சாதாரணம். (பழைய டிரான்ஸ்ஃபார்மர் சப்ளைக்கு மட்டும் இது. எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்சிங் சப்ளை) உள்ள கருவிக்கு இந்தச் சோதனை ஒத்துவராது.) பல்ப் மங்கியபின், அதை எடுத்துவிட்டு மல்டிமீட்டரால் சப்ளையை அளந்து பாருங்கள். அந்தக் கால அனலாக் கருவிகள் பலவற்றில் +15, −15, +5 என்று மூன்று இருக்கும். +5 என்பது 4.75-க்குக் கீழோ 5.25-க்கு மேலோ போனால் வாசிக்க வேண்டாம். ஸ்பீக்கரில் விடாத இரைச்சல் 100 ஹெர்ட்ஸில் கேட்டால் ஃபில்டர் கண்டன்சர் காய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

இனி பேட்டரி. வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல் உள்ளே கருவியைத் தின்றுகொண்டிருக்கும் நோய் இது.

1981-ல் வந்த கோர்க் பாலிசிக்ஸைத் திறந்தால் கேஎல்எம்-367 என்ற போர்டில் 3.6 வோல்ட் நிக்கல்-காட்மியம் பேட்டரி ஒன்று பற்றவைக்கப்பட்டிருக்கும். அதிலிருந்து கசிவது அமிலம் அல்ல, காரம்: பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். உலர்ந்த ஊரில் மெல்ல நடப்பது இங்கே, இடவப்பாதி தொடங்கி ஐப்பசி, கார்த்திகை வரை மழையும் ஓதமும் மாறாத மாவட்டத்தில், வேகமாக நடக்கும். முதலில் பேட்டரியின் காலடியில் வெள்ளைப் பொடி பூக்கும். பிறகு போர்டின் பச்சைப் பூச்சுக்கு அடியில் தாமிரப் பாதை கறுத்து, அங்கங்கே கொப்புளம்போல் எழும்பும். அதற்குள் பக்கத்து ஐசியின் (சில்லின்) கால்களில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். இந்த நிலையில் கருவி சில நாள் வேலை செய்யும், சில நாள் முரண்டு பிடிக்கும். ‘லூஸ் கனெக்‌ஷன்’ என்று தட்டிப் பார்த்தே வருஷங்களை வீணாக்கியவர்கள் உண்டு.

செய்ய வேண்டியது இது. பேட்டரியை வெட்டி எடுத்துவிடுங்கள். வெள்ளை வினிகரைப் பஞ்சுக் குச்சியில் தொட்டுக் கறைமேல் வையுங்கள். சின்னச் சின்னக் குமிழியாக நுரைக்கும். நுரை நின்றதும் ஒற்றி எடுத்து, மறுபடி தொடுங்கள். நுரையே வராதபோது காய்ச்சி வடித்த தண்ணீரால் இரண்டு முறை கழுவி, 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, ஒரு நாள் காற்றில் உலரவிடுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம். அதிலுள்ள உப்பு போர்டிலேயே தங்கிவிடும். பிறகு கறுத்த பாதையைக் கண்ணாடி நார்ப் பேனாவால் செப்பு பளபளக்கும்வரை தேய்த்து ஈயம் பூசுங்கள். அறுந்த இடத்தில் மெல்லிய கம்பியால் பாலம் போட்டு, பாதை அறுபடாமல் இருக்கிறதா என்று மல்டிமீட்டரால் கன்டினியூட்டி பாருங்கள்.

அடுத்து வைக்கப்போகும் பேட்டரியில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். அந்த இடத்தில் சார்ஜ் செய்யும் சர்க்யூட் இருக்கிறது. சார்ஜ் ஏற்கக் கூடாத லித்தியம் செல்லை அப்படியே வைத்தால் அது வீங்கும், வெடிக்கவும் கூடும். மின்சாரம் செல்லுக்குள் திரும்பிப் போகாதபடி ஒரு டையோடு கட்டாயம் போடுங்கள்.

1983-ல் வந்த யமஹா டிஎக்ஸ்7, 1984-ன் ஜூனோ-106, 1987-ன் ரோலண்ட் டி-50 இவற்றில் இருப்பது சிஆர்2032 லித்தியம் செல். அது அவ்வளவாகக் கசியாது, ஆனால் தீர்ந்தால் சேமித்த ஒலிகள் எல்லாம் போய்விடும். டிஎக்ஸ்7-ல் ஃபங்ஷன் பொத்தானை அழுத்தி 14-ஐத் தொட்டால் செல்லின் வோல்ட் திரையில் தெரியும். புதியது 3 வோல்ட் காட்டும். 2.7-ஐ நெருங்கினால் மாற்றிவிடலாம். மாற்றும் முன் மிடி (இசைக் கருவிகளையும் கணினியையும் இணைக்கும் ஒயர்) வழியாக ஒலிகளைக் கணினியில் எடுத்துவையுங்கள்: ஃபங்ஷன் 8-ல் ‘சிஸ் இன்ஃபோ’ என்பதை ‘அவெய்ல்’ ஆக்கி அனுப்பினால் 32 ஒலிகளும் ஒரே கோப்பாக வரும். கோப்பு சரியாக 4104 பைட் இருந்தால் முழுசாக வந்திருக்கிறது. புது செல்லை நேராகப் பற்றவைக்காதீர்கள், சூட்டில் கெட்டுவிடும். ஒரு ஹோல்டர் பொருத்திவிட்டால் அடுத்த முறை சால்டரிங் அயர்னே வேண்டாம்.

ஜூனோ-106 வாங்கப் போகிறவர் ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். ‘கீ டிரான்ஸ்போஸ்’ பொத்தானை அழுத்திக்கொண்டே ஸ்விட்ச் போட்டால் சோதனை நிலைக்குப் போகும். ஒரே கட்டையைத் திரும்பத் திரும்ப அழுத்தினால் கருவி ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய ஆறு குரலும் வரிசையாக வரும். ஒன்று கரகரத்தாலோ, ஊமையானாலோ, விடாமல் ஒலித்தாலோ, அனேகமாக 80017ஏ என்ற சில்லின் கறுப்புப் பூச்சுதான் காரணம். அந்தப் பூச்சு வயதாகி, மின்சாரம் கசியவிடும். சில்லைக் கழற்றிச் சில நாள் அசிட்டோனில் ஊறவைத்துப் பூச்சை உரிப்பார்கள், அல்லது இப்போது தயாராகும் மாற்றுச் சில்லைப் போடுவார்கள். விலை பேசும்போது இதைக் கணக்கில் வையுங்கள்.

குளச்சல், முட்டம், மணக்குடி பக்கம் வீடு இருந்தால் உப்பு இன்னொரு பகை. உப்புப் படிந்த இடத்தில் ஈரம் ஏறினால் அது மின்சாரம் கடத்தும். சர்க்யூட் தானாக உளறும். ஐசி சாக்கெட்டுகளில் துருப் படலம் வரும். ஐசியை மெல்ல நெம்பி எடுத்து மறுபடி செருகினாலே பாதிப் பழுது தீர்ந்துவிடும். கட்டைக்கு அடியில் கார்பன் ரப்பர் தொடுப்பு உள்ள கருவியாக இருந்தால் பஞ்சில் கொஞ்சம் ஐசோபுரோபைல் தொட்டு ஒற்றுங்கள், தேய்க்காதீர்கள். துரு நீக்கும் எண்ணெய் ஸ்ப்ரேயை ஸ்லைடருக்குள் அடிக்கும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அன்றைக்கு வழுவழுவென்று ஓடும். மூன்றே மாதத்தில் தூசியும் எண்ணெயும் சேர்ந்து பசையாகும்.

கருவியை மச்சில் போட்டு, பாலித்தீனால் இறுக்கிச் சுற்றிவைப்பதும் தவறுதான். உள்ளே சிக்கிய ஈரம் ராத்திரிக் குளிரில் முத்து முத்தாக வியர்க்கும். பருத்தித் துணியால் மூடுங்கள். பெட்டியில் வைப்பதாக இருந்தால் அரை கிலோ சிலிக்கா ஜெல் போடுங்கள்; நீல நிற வகையில் கோபால்ட் இருப்பதால் ஆரஞ்சு வகையே நல்லது. நிறம் மாறியதும் 120 டிகிரி அவனில் இரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி உதவும். அறையில் ஈரப்பதமானி வைத்து 45–55 சதவீதத்தில் பிடித்துவைக்கப் பாருங்கள். வாரம் ஒரு முறை ஒரு மணி நேரமாவது ஓடவிடுங்கள்; உள்சூடே ஈரத்தை விரட்டும். துளைகளுக்கு மெல்லிய வலை போடுங்கள். பல்லி உள்ளே போய் முட்டையிடும், எறும்பு கூடு கட்டும்.

மாடுலர் சிந்தசைசர் (தனித்தனி மாட்யூல்களை இணைத்து ஆக்குவது) கட்டுபவர்களுக்கு அபாயம் வேறு மாதிரி. 1990-களின் நடுவில் ஜெர்மனியின் டோப்ஃபர் நிறுவனம் தொடங்கிவைத்த யூரோராக் முறையில் ஒவ்வொரு மாட்யூலும் தட்டைக் கேபிளால் சப்ளையோடு இணைகிறது. கேபிளின் ஓரத்தில் சிவப்புக் கோடு இருக்கும். அந்தப் பக்கம் −12 வோல்ட். 10 பின் கொண்டதில் முதல் இரண்டு −12, நடுவில் ஆறும் கிரவுண்ட், கடைசி இரண்டு +12. கேபிளைத் திருப்பிச் செருகினால் + இருக்க வேண்டிய இடத்தில் − போய் நிற்கும். டிஎல்072 போன்ற ஆப்-ஆம்ப் சில்லுகள் நொடியில் கருகும். சில மாட்யூல்களில் காப்பு டையோடு இருக்கும், சிலவற்றில் இருக்காது. போர்டில் −12 என்றோ கோடு என்றோ எழுதியிருப்பதைப் பார்க்காமல் செருக வேண்டாம். ஒரு மாட்யூல் சேர்த்தால் அதை மட்டும் செருகி, ஸ்விட்ச் போட்டுப் பார்த்து, அணைத்துவிட்டு அடுத்ததைச் சேருங்கள். எல்லா மாட்யூலின் மில்லிஆம்பியரையும் +12, −12 என்று தனித்தனியாகக் கூட்டி, சப்ளையின் அளவில் 70 சதவீதத்துக்குள் நிறுத்துங்கள்.

மாடுலர் சுருதி விலகுகிறது என்ற புகார் இங்கே அதிகம். ஒரு வோல்ட்டுக்கு ஒரு ஸ்தாயி என்பது கணக்கு, அரைச்சுரத்துக்கு 83.3 மில்லிவோல்ட்தான். ஆஸிலேட்டர் சூடாகாமல் சுருதி கூட்டினால் பத்து நிமிஷத்தில் விலகிவிடும். அரை மணி நேரம் ஓடவிட்டு அப்புறம் சுருதி கூட்டுங்கள். மின்விசிறிக் காற்று நேரே மாட்யூலில் படக் கூடாது.

கோவில் கொடைக்கும் சர்ச் திருவிழாவுக்கும் பழைய கருவியைக் கொண்டுபோக ஆசைப்படுகிறவர்கள் ஜெனரேட்டரை நினைத்துப் பாருங்கள். லைட் செட் ஏறி இறங்கும்போது வோல்ட்டும் துள்ளும். ஆன்லைன் வகை யுபிஎஸ் (எப்போதும் இன்வெர்ட்டர் வழியே சீரான வோல்ட் தருவது) இல்லாமல் பழைய சிந்தசைசரை அங்கே செருக வேண்டாம். மேடைக்குப் புதுக் கீபோர்டு போதும். 2017 நவம்பர் ஓக்கி புயலில் போல மின்சாரம் நாள்கணக்கில் போய்த் திரும்பி வரும்போதும் முதல் துள்ளல் கருவிமேல் விழக் கூடாது. இடி தொடங்கியதும் பிளக்கோடு மிடி, ஆடியோ, யுஎஸ்பி ஒயர்களையும் உருவிவிடுங்கள். மின்னல் மிடி ஒயரிலும் வரும்.

செல் மாற்றிய தேதியையும், ஒலிக்கோப்பு எந்த டிரைவில் இருக்கிறது என்பதையும் ஒரு சீட்டில் எழுதி மூடியின் உட்புறம் ஒட்டிவையுங்கள்.