எத்தனை மூவ் முன்னால் யோசிக்கிறான் என்று கேட்காதீர்கள்

சதுரங்கம் சொல்லித்தரும் எவரும் அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு: "சார், பையன் எத்தனை மூவ் முன்னாடி யோசிக்கிறான்?" கேட்பவர்கள் அக்கறையுள்ள பெற்றோர்கள்தான் என்பதால் இதுவரை பொறுமையாகவே பதில் சொல்லி வந்தேன். சென்ற வாரம் வகுப்பு முடிந்த பிறகு நட்புக்காக நடந்த ஓர் ஆட்டத்தில், ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி தன் ராணியை எதிராளியின் பிஷப் தாக்கிக்கொண்டிருந்த கட்டத்தில் கொண்டுபோய் வைத்தாள். அந்த பிஷப் வெகுநேரமாக அதே இடத்தில்தான் நின்றிருந்தது. ராணி வெட்டுப்பட்டதும், பின்னால் நின்ற தந்தை, "அஞ்சு மூவ் முன்னாடி யோசின்னு எத்தனை தடவைம்மா சொல்றது?" என்று எல்லோர் முன்னிலையிலும் கடிந்துகொண்டார். பிறகு நான் அவளைத் தனியே அழைத்து என்ன நினைத்து ஆடினாள் என்று கேட்டேன். ராணி இங்கே வரும், அடுத்து குதிரை அங்கே போகும், பிறகு யானை வரும், அதன் பின் செக் (ராஜாவைத் தாக்குவது), அதற்கடுத்து மேட் (ராஜா தப்ப வழியில்லாமல் ஆட்டம் முடிவது) என்று தடங்கலில்லாமல் சொன்னாள். தந்தை கேட்ட ஐந்து நகர்வுகளையும் அவள் யோசித்துத்தான் இருந்தாள். ஆனால் அவள் சொன்ன வரிசையில் எதிராளி ஒருமுறைகூட ஆடவில்லை.

இப்படிப்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து பார்க்கிறேன், பெரியவர்களையும் பார்க்கிறேன். நட்பு ஆட்டங்களில் தோற்பவர்களில் மிகப் பெரும்பாலோர் தொலைதூரம் பார்க்கத் தெரியாமல் தோற்பதில்லை. எதிரில் இருப்பவர் இப்போதுதான் ஆடி முடித்த நகர்வு எதற்காக ஆடப்பட்டது என்று கேட்காததால் தோற்கிறார்கள்.

முதலில் அந்த 'இத்தனை மூவ்' என்ற எண்ணிக்கையைப் பார்த்துவிடுவோம். ஆட்டம் தொடங்கும்போது வெள்ளைக்கு 20 நகர்வுகள் சாத்தியம், கறுப்புக்கும் 20 சாத்தியம். ஆகவே இருவரும் ஒருமுறை ஆடியதும் 400 வெவ்வேறு நிலைகள் பலகையில் உருவாகக்கூடும். இருவரும் இரண்டு முறை ஆடி முடிப்பதற்குள் சாத்தியமான நகர்வு வரிசைகளின் எண்ணிக்கை 1,97,281 ஆகிவிடுகிறது. பத்து நகர்வுகளை முன்கூட்டியே பார்க்க வேண்டும் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோமே, அதை எல்லாத் திசைகளிலும் செய்ய எந்த மனித மூளைக்கும் இயலாது. கிராண்ட்மாஸ்டர்கள் சில நேரங்களில் பத்து, பன்னிரண்டு நகர்வுகள் வரை கணக்கிடுவது உண்மைதான். ஆனால் செக்குக்குப் பின் செக்கோ, வெட்டுக்குப் பின் வெட்டோ தொடர்ந்து வரும் இடங்களிலும், காய்கள் குறைந்துவிட்ட இறுதிக்கட்டத்திலும்தான் அது பெரும்பாலும் நடக்கிறது. அங்கே எதிராளிக்கு ஒன்றிரண்டு பதில்களே இருப்பதால் பாதை நீளமாக இருந்தாலும் கிளைகள் பிரிவதில்லை. காய்கள் நிறைந்த நடு ஆட்டத்தில் அதே வீரர் இரண்டு மூன்று நகர்வுகளோடு நிறுத்திக்கொண்டு, அந்த நிலை தனக்குச் சாதகமா என்று மதிப்பிட்டுவிட்டு ஆடுவார். எத்தனை நகர்வுகள் பார்க்க வேண்டும் என்பதைப் பலகையில் உள்ள நிலை தீர்மானிக்கிறதே தவிர, ஆடுபவரின் பெருமை தீர்மானிப்பதில்லை.

இதை நானாகச் சொல்லவில்லை. நெதர்லாந்தைச் சேர்ந்த உளவியலாளர் அட்ரியான் டி குரூட், தாமே நல்ல ஆட்டக்காரர், உலகின் முதல்நிலை வீரர்களையும் அவர்களைவிடக் குறைந்த திறனுள்ளவர்களையும் ஒரே நிலையின் முன் அமர்த்தி, மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் செய்தார். 1946-இல் அவர் வெளியிட்ட முடிவுகளின்படி, இரு தரப்பினரும் பார்த்த ஆழத்தில் பெரிய வேறுபாடு இல்லை. பலம் வாய்ந்தவர்கள் நல்ல நகர்வுகளை மட்டும் விரைவிலேயே பிரித்தெடுத்து அவற்றைப் பற்றியே யோசித்தார்கள். எண்பது ஆண்டுகளுக்கு முன் தெரிந்துவிட்ட செய்தி இது. இன்னும் நம் வீடுகளில் குழந்தையின் திறமையை 'எத்தனை மூவ்' என்ற அளவுகோலால்தான் அளக்கிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

நட்பு ஆட்டங்களில் ஓயாமல் பலி வாங்கும் ஒரு பழைய பொறியைச் சொல்கிறேன், பலகையை எடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள். இ4 போன்ற பெயர்களில் எழுத்து, வெள்ளையின் இடப்பக்கத்திலிருந்து ஏ முதல் எச் வரை எண்ணும் நெடுவரிசையையும், எண், வெள்ளையின் பக்கத்திலிருந்து எண்ணும் குறுக்குவரிசையையும் குறிக்கும். வெள்ளை தன் சிப்பாயை இ4-க்கும், கறுப்பு தன் சிப்பாயை இ5-க்கும் நகர்த்துகின்றன. வெள்ளைக் குதிரை எஃப்3-க்கு வந்து அந்த இ5 சிப்பாயைத் தாக்குகிறது, கறுப்புக் குதிரை சி6-க்கு வந்து அதைக் காக்கிறது. வெள்ளை பிஷப் சி4-க்கு வருகிறது. இப்போது கறுப்பு, காவலுக்கு நின்ற அதே குதிரையை டி4-க்குக் கொண்டுபோகிறது. இ5 சிப்பாய்க்கு இனி காவல் இல்லை. மாணவர்களின் கை இந்த இடத்தில் தானாகவே நீள்வதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். வெள்ளைக் குதிரை அந்தச் சிப்பாயை வெட்டுகிறது. உடனே கறுப்பு ராணி ஜி5-க்கு வந்து, இ5-இல் நிற்கும் குதிரையையும் ஜி2 சிப்பாயையும் ஒரே நேரத்தில் தாக்குகிறது. வெள்ளை இன்னும் உற்சாகத்தில் இருக்கிறது, ஏனெனில் குதிரையால் எஃப்7-ஐ வெட்டினால் ராணியையும் மூலையில் உள்ள யானையையும் சேர்த்துத் தாக்கலாம். வெட்டுகிறது. கறுப்பு ராணி ஜி2-ஐ வெட்டி எச்1 யானையை மிரட்டுகிறது, யானை எஃப்1-க்கு ஒதுங்குகிறது, ராணி இ4-ஐ வெட்டி செக் வைக்கிறது, பிஷப் இ2-க்குப் பின்வாங்கி மறைக்கிறது, கறுப்புக் குதிரை டி4-இலிருந்து எஃப்3-க்குப் பாய்கிறது. அது மேட். குதிரையை பிஷப் வெட்ட முடியாது, வெட்டினால் ராஜா ராணியின் தாக்குதலுக்குள் வந்துவிடும். வெள்ளை ராஜாவின் வழிகள் அனைத்தையும் அவருடைய சொந்தக் காய்களே அடைத்துக்கொண்டு நிற்கின்றன.

இதைத் தவிர்க்க அந்த மேட் வரை பார்க்க வேண்டியதே இல்லை. காவலில் இருந்த குதிரையை எதிராளி ஏன் எடுத்தார் என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும், அவருடைய ராணி எங்கே வரக்கூடும் என்று ஒரே ஒரு பதில் நகர்வைப் பார்த்திருந்தால் போதும். எஃப்3 குதிரையால் டி4 குதிரையை வெட்டி, எதிராளி சிப்பாயால் திரும்ப வெட்டியதும் காஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் இடம்மாற்றி ராஜாவைப் பாதுகாப்பது) செய்துகொண்டால், வெள்ளையின் நிலை மிகவும் வசதியானது. எதிராளி இலவசமாகத் தருவதை வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பாதிக்கு மேற்பட்ட நேரங்களில் அது உண்மையிலேயே கவனக்குறைவுதான், தாராளமாக வெட்டலாம். ஆனால் காரணத்தைத் தேடிப் பார்த்து, எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே வெட்ட வேண்டும்.

'இதெல்லாம் தொடக்கநிலையினர் செய்யும் பிழை' என்று ஒதுக்குபவர்களுக்கு இரண்டு ஆட்டங்களை நினைவூட்ட வேண்டும். 2006 நவம்பரில் ஜெர்மனியின் பான் நகரில், அப்போதைய உலகச் சாம்பியன் விளாடிமிர் கிராம்னிக், டீப் ஃபிரிட்ஸ் என்ற கணினி நிரலுக்கு எதிரான இரண்டாவது ஆட்டத்தில் தன் ராணியை இ3-க்கு நகர்த்தினார். ராணிகளை மாற்றிக்கொள்ளும் திட்டம் அவருக்கு இருந்தது. நிரல் தன் ராணியை எச்7-இல் வைத்தது, ஒரே நகர்வில் மேட். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் நம் சென்னை இளைஞர் குகேஷும் சீனாவின் டிங் லிரெனும் ஆடிய உலகச் சாம்பியன்ஷிப்பின் பதினான்காவது ஆட்டம், பொறுமையாக ஆடினால் டிராவில் முடியக்கூடிய நிலையில் இருந்தது. 55-வது நகர்வில் டிங் யானைகளை மாற்றிக்கொள்ள முன்வந்து தன் யானையை எஃப்2-இல் வைத்தார். யானைகள் வெட்டுப்பட்டதும் குகேஷின் பிஷப் டி5-க்கு வர, ஏ8 மூலையில் நின்ற டிங்கின் பிஷப்புக்கு விலகிப்போக இடமில்லை. பிஷப்புகளும் மாறிய பிறகு எஞ்சிய ராஜா–சிப்பாய் ஆட்டம் குகேஷுக்கு வெற்றி. எதிராளியின் இரண்டே பதில்களைப் பார்க்கும் கணக்கு அது. களைப்பும் நெருக்கடியும் சேர்ந்தால் எவ்வளவு பெரியவருக்கும் அந்தப் பார்வை நழுவும் என்பதால்தான், அதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும் என்று மன்றாடுகிறேன்.

நகர்வைத் தேர்ந்தெடுக்கும் ஒழுங்கு மிகவும் எளியது. எதிராளி ஆடியதும் அவருடைய காய் இப்போது எவற்றைத் தாக்குகிறது, எந்தக் கட்டத்தைக் கைவிட்டது, அதன் பின்னாலிருந்த எந்தக் காய்க்குப் பாதை திறந்தது என்று பாருங்கள். பிறகு இரு தரப்பிலும் உள்ள செக்குகள், வெட்டுகள், மிரட்டல்களைப் பாருங்கள். அதன் பின் இரண்டு மூன்று நகர்வுகளை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் எதிராளியின் மிகச் சிறந்த பதிலைத் தேடுங்கள். நமக்குப் பிடித்த பதிலை அவர் தலையில் கட்டுவதுதான் நான் காணும் பிழைகளுக்கெல்லாம் தாய். சோவியத் கிராண்ட்மாஸ்டர் அலெக்சாண்டர் கோட்டோவ் இன்னொரு பிழையை விவரித்திருக்கிறார்: இரண்டு நகர்வுகளை நெடுநேரம் மாறிமாறிக் கணக்கிட்டு, இரண்டிலும் மனநிறைவு வராமல், நேரம் போய்விட்டதே என்ற பதற்றத்தில், சற்றும் சோதிக்காத மூன்றாவது நகர்வை ஆடிவிடுவது. மாணவர்கள் ஆட்டக் குறிப்போடு வரும்போது, 'ஏன் இதை ஆடினாய்?' என்ற கேள்விக்கு மௌனம் பதிலாக வந்தால், பெரும்பாலும் அங்கே நடந்தது இதுதான்.

முடிவெடுத்த பின்பும் கையைக் கட்டுப்படுத்துங்கள். புளூமென்ஃபெல்ட் என்ற பழைய ரஷ்ய ஆட்டக்காரர், நகர்வை முதலில் தாளில் எழுதிவிட்டு, பலகையைப் புதிதாகக் கற்றவனின் கண்களால் ஒருமுறை பார்த்த பிறகே ஆட வேண்டும் என்றார். போட்டிகளில் நகர்வை முன்கூட்டியே எழுதுவதை உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிகள் 2005-இலிருந்து தடை செய்துவிட்டன, ஆகவே போட்டிக்குச் செல்லும் மாணவர்கள் இதைப் பலகையருகே பழகிக்கொள்ளக் கூடாது. வீட்டில் ஆடும் நட்பு ஆட்டத்தில் தொடக்கநிலைக் குழந்தைகளுக்கு இது தரும் பயன் மிகப் பெரியது.

வெட்டோ மிரட்டலோ எதுவும் இல்லாத அமைதியான நிலையில் என்ன செய்வது என்று கேட்பார்கள். திட்டமிடல் என்பது அங்கேதான் வருகிறது, அதுவும் மாணவர்கள் அஞ்சுவதுபோல் பெரிய விஷயம் அல்ல. உங்கள் காய்களில் வேலையில்லாமல் நிற்பது எது என்று தேடி, அதற்கு நல்ல இடம் ஒன்றைக் கண்டுபிடியுங்கள். ஸ்பானிஷ் தொடக்கம் என்ற புகழ்பெற்ற தொடக்க வரிசையில் வெள்ளைக் குதிரை பி1-இலிருந்து டி2, எஃப்1 வழியாக ஜி3-க்குப் போவது இத்தகைய திட்டம். மூன்று நகர்வுகளில் முடியும், நோக்கமும் தெளிவானது. ஆனால் அந்த மூன்றின் நடுவிலும் எதிராளி ஆடுவார். அவர் மையத்தில் சிப்பாயைத் தள்ளினால் குதிரையை அப்படியே நிறுத்திவிட்டு அதற்குப் பதில் சொல்லத்தான் வேண்டும். திட்டத்தை மாற்றிக்கொள்வதைத் தோல்வியாக நினைத்து முரண்டு பிடிக்கும் மாணவர்களைக் கண்டிக்கத் தயங்குவதில்லை.

'சும்மா விளையாட்டுதானே' என்று சொல்லி, வைத்த காயைத் திரும்ப எடுப்பதை அனுமதிக்காதீர்கள். எடுத்துக்கொள்ளலாம் என்று தெரிந்த குழந்தை சரிபார்க்கும் வேலையை எதிராளியிடம் ஒப்படைத்துவிடுகிறது. தொட்ட காயை ஆட வேண்டும் என்ற விதி வீட்டிலும் இருக்கட்டும். மூன்று நிமிட ஆட்டங்களைக் கைபேசியில் அடுக்கடுக்காக ஆடவிடாதீர்கள். ஆனந்த் சிறுவயதில் மின்னல் வேகத்தில் ஆடினாரே என்று சுட்டிக்காட்டுகிறார்கள். ஆடினார்தான். நிலையை ஒரு பார்வையில் புரிந்துகொள்ளும் திறன் அவரிடம் இருந்ததால் வேகமாக ஆட முடிந்தது, வேகமாக ஆடியதால் அந்தத் திறன் வந்துவிடவில்லை. ஆளுக்குப் பதினைந்து நிமிடமாவது கொடுத்து, ஒரு மாலைக்கு ஓர் ஆட்டம் ஆடினால் போதும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். ஆட்டம் நடக்கும்போது பின்னால் நின்றுகொண்டு கைபேசியில் எஞ்சினை (சிறந்த நகர்வைக் கணக்கிட்டுச் சொல்லும் சதுரங்க நிரலை) ஓட்டிப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள், குழந்தை பலகையைப் பார்ப்பதை விட்டு உங்கள் முகத்தைப் பார்க்கத் தொடங்கிவிடும். ஆட்டம் முடிந்ததும் எஞ்சினைத் திறக்காமல், தோற்ற ஆட்டத்தை முதல் நகர்விலிருந்து மீண்டும் வைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு திருப்பத்திலும், "இங்க அவன் என்ன பண்ணப் பார்த்தான்னு நினைச்சே?" என்று மட்டும் கேளுங்கள். குழந்தை சொல்வதைக் குறிப்பேட்டில் எழுதவையுங்கள். எஞ்சினை மறுநாள் திறந்து, அது சொல்வதை அந்தக் குறிப்போடு ஒப்பிட்டால் போதுமானது. வகுப்புக்கு வரும்போது எஞ்சின் தந்த எண்களை விட்டுவிட்டு, அந்தக் குறிப்பேட்டை மறக்காமல் கொடுத்தனுப்புங்கள்.