கச்சான் காலமும் வீட்டுச் சோலர் பற்றரியும்

சென்ற ஆடியில் திருகோணமலை நிலாவெளிப் பக்கம் ஒரு வீட்டிலிருந்து அழைப்பு. "தம்பி, பனலிலதான் ஏதோ பிழை. ரெண்டு மணிக்குப் பிறகு சார்ஜ் ஏறுதில்லை. வெயிலெண்டா கொளுத்துது."

போய்ப் பார்த்தால் பனலில் ஒரு பிழையும் இல்லை. பற்றரி குசினிக்குப் பின்னால் தகரக் கொட்டிலில், மேற்குச் சுவரோடு ஒட்டி நிற்கிறது. தூசு படக்கூடாதென்று அம்மா அதற்கொரு சீத்தை உறை தைத்துப் போட்டிருந்தார், ஓரத்தில் சுருக்கெல்லாம் வைத்து. உறையைத் தூக்கிக் கை வைத்தேன். கனநேரம் வைத்திருக்க முடியவில்லை. வெப்பமானி 52 பாகை காட்டியது.

லிதியம் அயன் பொஸ்பேற் பற்றரிகளில் சார்ஜ் ஏற்றக்கூடிய வெப்ப எல்லை பெரும்பாலும் 45 முதல் 55 பாகைக்குள் முடிந்துவிடும். அதைத் தாண்டமுன் உள்ளே இருக்கும் பி.எம்.எஸ். (பற்றரியைக் கண்காணித்துக் காக்கும் மின்சுற்று) சார்ஜைக் குறைக்கும், பிறகு நிறுத்தும். அம்மா கண்டது அதைத்தான். பற்றரி தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

ஆனால் பி.எம்.எஸ். தடுக்க முடியாத சேதம் ஒன்று உண்டு. நம் வீடுகளில் பகல் பன்னிரண்டு மணிக்கே பற்றரி நிரம்பிவிடும். முழுச் சார்ஜோடு அந்தப் புழுக்கத்துக்குள் பின்னேரம்வரை கிடக்கும். லிதியம் பற்றரியை விரைவாகக் கிழடாக்குவது இந்தச் சேர்க்கைதான். கச்சான் என்கிற தென்மேற்குச் சுடுகாற்று வீசும் மாதங்களில் இன்வேர்ட்டரில் சார்ஜ் எல்லையை 90 வீதமாகக் குறைத்துவிடுங்கள். செல்கள் சமப்பட இடைக்கிடை ஒருநாள் முழுதாக ஏறட்டும்.

ஈய-அமில பற்றரி வைத்திருப்பவர்களின் பாடு இதைவிட மோசம். அதன் ஆயுள் 25 பாகைக்குக் கணக்கிடப்பட்டது. ஒவ்வொரு 10 பாகை கூடும்போதும் ஏறத்தாழ அரைவாசியாகும். சூடு கூடினால் சார்ஜ் வோல்ற்றேஜையும் குறைக்க வேண்டும், 12 வோல்ற் பற்றரிக்கு 10 பாகைக்கு ஏறக்குறைய 0.2 வோல்ற். அதற்கான வெப்ப சென்சர் வயரைப் பெட்டியிலிருந்து எடுக்காமலே விட்டுப்போன வீடுகளை நான் கண்டிருக்கிறேன். மூடிய வகை பற்றரி பக்கவாட்டில் உப்பியிருந்தால் உடனே கழற்றுவியுங்கள்.

குளிரைப் பற்றியும் கேட்கிறார்கள், கனடாவில் இருக்கும் மகன்மார் சொல்லி. பூச்சியம் பாகைக்குக் கீழே லிதியத்துக்குச் சார்ஜ் ஏற்றக்கூடாது என்பது உண்மை. மார்கழி மழையிலும் திருகோணமலைக்கு அந்தக் கவலை இல்லை.

இங்கே முக்கியம் இடந்தான். தகரத்துக்கும் சீற்றுக்கும் கீழே வேண்டாம். மேற்குச் சுவர் வேண்டாம். பின்னேர வெயிலை வாங்கிய கல், இரவு ஒன்பது மணிக்கும் சுடும். இன்வேர்ட்டருக்கு நேர் மேலேயும் வேண்டாம். காற்றோட்டம் வேண்டும், ஆனால் கடலைப் பார்த்த ஜன்னலால் உப்புக்காற்று நேரே அடித்தால் முனைகள் பச்சை பூக்கும். சூட்டைத் தணிக்கவென்று பற்றரிமேல் நனைத்த சாக்குப் போடுகிற வேலையைத் தயவுசெய்து செய்யாதீர்கள்.

அந்த வீட்டுப் பற்றரியை ஹோலின் வடக்குச் சுவருக்கு மாற்றினோம். கேபிள் நீண்டதால் தடிப்பு கூடியதாகப் போட வேண்டிவந்தது. செலவுக்கு அம்மா கொஞ்சம் முணுமுணுத்தார். சீத்தை உறை இப்போது தையல் மெசினில் கிடக்கிறது.