சாதனைப் பட்டியலில் ஏறும் முன் பார்க்க வேண்டியவை

பெங்களூரில் ஊடகவியல் துறைகள் ஆண்டறிக்கை தயாரிக்கும் நாட்களில் இரண்டு வகைத் தாள்கள் குவியும். ஒன்று, மாணவர்களின் குறும்பட விருதுச் சான்றிதழ். மற்றது, ஆசிரியர்களின் ஆய்வுக் கட்டுரை. இரண்டிலும் காசு கொடுத்து வாங்கியது கொஞ்சம் கலந்திருக்கும். வாங்கியவருக்கே அது தெரியாமல் இருப்பதுதான் வேதனை.

ஆய்விதழ்களைத் தரம் பிரித்துக் காட்டிவந்த கேர் பட்டியலைப் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2025 பிப்ரவரியில் கைவிட்டது. இதழ் நல்லதா கெட்டதா என்று பார்ப்பது இனி அந்தந்தக் கல்வி நிறுவனத்தின் வேலை. ஆகவே இன்றைக்கும் “யு.ஜி.சி. அங்கீகாரம் பெற்ற இதழ்” என்று வாட்ஸ்அப்பில் அழைப்பு வந்தால், அந்த ஒரு வரியே ஒதுங்கிக்கொள்ளப் போதுமான காரணம். எட்டு இலக்க ஐ.எஸ்.எஸ்.என். எண்ணைக் காட்டியும் நம்பவைப்பார்கள். அது இதழை அடையாளம் காட்டும் எண்தான், தரத்துக்கான முத்திரை இல்லை.

இதைவிட மோசமானது போலித் தளம். நல்ல இதழ் ஒன்றின் பெயர், எண், அட்டைப்படம் எல்லாவற்றையும் அப்படியே எடுத்துவைத்துக்கொண்டு வேறொருவர் கட்டணம் வசூலிப்பார். கூகுளில் முதலில் வரும் முகவரியை நம்பாதீர்கள். ஆய்விதழ்களையும் கட்டுரைகளையும் தொகுத்துவைக்கும் தரவுத்தளமான ஸ்கோபஸின் இதழ்ப் பட்டியலைப் பார்க்கக் காசு கட்ட வேண்டியதில்லை. அங்கே பெயரைத் தேடி, பதிப்பாளர் யார், எந்த ஆண்டு வரை சேர்த்திருக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். 2019-ஓடு நின்றிருந்தால், இன்று வெளியாகும் கட்டுரை ஸ்கோபஸ் கணக்கில் வராது. பிறகு அந்தப் பதிப்பாளரின் தளம் வழியாகவே இதழுக்குள் போங்கள். பழைய கட்டுரைகள் இரண்டு மூன்றின் டி.ஓ.ஐ. எண்ணை (ஒவ்வொரு கட்டுரைக்கும் தனியாகத் தரப்படும் நிரந்தர அடையாள எண்) டி.ஓ.ஐ. தளத்தில் இட்டால் அதே கட்டுரை திறக்க வேண்டும். திறக்காவிட்டாலோ வேறேதாவது வந்தாலோ அந்த இதழை விட்டுவிடுங்கள்.

கட்டணம் கேட்பதே தப்பு என்று சொல்ல முடியாது, யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய திறந்தநிலை இதழ்கள் பலவும் எழுதுபவரிடம் வாங்குகின்றன. ஆனால் அனுப்பிய மூன்றாம் நாளே ஏற்புக் கடிதம், தனிநபர் யு.பி.ஐ.க்குப் பணம், ஒரே இதழில் ஊடகவியலும் வேதியியலும் யோகாவும் என்றால் மேலே விசாரிக்க ஒன்றுமில்லை. முனைவர் பட்ட மாணவர்கள் அவசரத்தில்தான் இதில் விழுகிறார்கள். ஆய்வேடு சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட்டாக வேண்டும் என்ற கட்டாயத்தை யு.ஜி.சி.யின் 2022 விதிகளே எடுத்துவிட்டன. உங்கள் பல்கலைக்கழகம் தன் அளவில் கேட்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

குறும்பட விருதிலும் இதே கதைதான். மாதாமாதம் “விழா” நடக்கும், பிரிவுகள் ஐம்பதைத் தாண்டும், ஒவ்வொரு பிரிவுக்கும் தனிக் கட்டணம், கோப்பை வேண்டுமென்றால் அதற்கும் பணம். அரங்கு மட்டும் இருக்காது. போன ஆண்டு எந்த அரங்கில், எந்தத் தேதியில், எந்தப் படங்கள் திரையிட்டார்கள், நடுவர்கள் யார் என்று கேட்டுப் பாருங்கள். 2010-இல் தொடங்கிய பெங்களூரு சர்வதேசக் குறும்பட விழா உள்ளூரிலேயே இருக்கும்போது, அரங்கே இல்லாத விழாவுக்கு அப்பா பணத்தைக் கட்டுவானேன்?

நிஜமான விழாவில் நல்ல படமும் சில்லறைக் காரணங்களுக்காகக் கழியும். படத்தை முன்கூட்டியே யூடியூபில் ஏற்றிவிடுவது ஒன்று. இணையத்தில் எல்லாருக்கும் கிடைக்கும் படத்தைப் பல விழாக்கள் ஏற்பதில்லை. கடவுச்சொல் போட்ட இணைப்பே போதும். இன்னொன்று பாட்டு. “பத்து விநாடி வரை போடலாம்” என்று விடுதிகளில் உலவும் விதி 1957 காப்புரிமைச் சட்டத்தில் எங்குமே இல்லை. டீக்கடை வானொலியில் பின்னணியாகக் கேட்கும் திரைப்பாடலுக்கும் இசை நிறுவனத்தின் அனுமதி வேண்டும். தமிழ் வசனம் என்றால் ஆங்கிலத் துணைவரிகளையும் சேர்த்தே அனுப்புங்கள். இங்குள்ள நடுவர்கள் எல்லாருக்கும் தமிழ் தெரியும் என்று எதிர்பார்க்க முடியாது.

பட்டியலில் எழுதும்போது “தேர்வானது”, “திரையிடப்பட்டது”, “விருது பெற்றது” மூன்றையும் தனித்தனியாக எழுத வேண்டும். கட்டுரை என்றால் பரிசீலனையில் உள்ளதா, ஏற்கப்பட்டதா, வெளியாகிவிட்டதா என்பதும் அப்படியே. முதுகலை ஆய்வேட்டிலிருந்து எடுத்த கட்டுரையில் முதல் பெயர் மாணவருடையதாக இருக்க வேண்டும். இதை நெறியாளரிடம் கட்டுரை அனுப்பிய பிறகு கேட்பது சங்கடம். எழுதத் தொடங்கும் முன்பே, மின்னஞ்சலில், இரண்டு வரியில் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.