சைலோ மேல் மூக்கு எங்கே வரும்?

ஆஸ்திரேலியாவின் தானிய சைலோக்களில், அதாவது தானியம் சேமிக்கும் உயரமான உருளைக் கோபுரங்களில், வரைந்திருக்கும் ராட்சத முகங்களைப் படத்தில் பார்த்த வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: பத்து மாடி உயரத்தில், சுவரிலிருந்து ஒரு கை தூரத்தில் நிற்கும் ஓவியருக்கு மூக்கு எங்கே வரவேண்டும் என்று எப்படித் தெரியும்?

தெரியாது. தெரிந்திருக்க வேண்டியதும் இல்லை. அதுதான் இதில் ருசியான விஷயம்.

வரலாற்றைச் சுருக்கமாக முடித்துவிடலாம். மேற்கு ஆஸ்திரேலியாவின் நார்தம் ஊரில் 2015 மார்ச்சில் ஹென்ஸ், ஃப்ளெம் என்ற இரு ஓவியர்கள் தொடங்கிவைத்தார்கள். விக்டோரியா மாநிலத்தின் பிரிம் சிற்றூரில் 1939-இல் கட்டப்பட்டு, பயன்பாடின்றி நின்ற சைலோக்களின் மேல் கைடோ வான் ஹெல்டென் நான்கு விவசாயிகளை வரைந்து 2016 ஜனவரியில் முடித்தார். பார்க்க வந்த கூட்டத்தைக் கண்டு அக்கம்பக்கத்து ஊர்களும் இறங்கின. இன்று ரூபன்யப் தொடங்கி ஷீப் ஹில்ஸ், பிரிம், ரோஸ்பெரி, லாசெல்ஸ் வழியாகப் பேச்சிவோலக் வரை சுமார் 200 கி.மீ. நீளும் சுற்றுப்பாதை அது.

இனி வடிவியல். 10 மீட்டர் விட்டமும் 30 மீட்டர் உயரமும் கொண்ட ஓர் உருளையை எடுத்துக்கொள்வோம். தூரத்தில் நிற்பவருக்கு நேர் எதிரே இருக்கும் பகுதியில், சுவரின் 1 மீட்டர் கண்ணுக்கும் 1 மீட்டர்தான். மையத்திலிருந்து 60 டிகிரி வளைந்துபோன இடத்தில் அதே 1 மீட்டர் அரை மீட்டராகச் சுருங்கும். 75 டிகிரியில் ஏறக்குறைய கால் மீட்டர். பள்ளியில் படித்த கொசைன்தான். தட்டையான படத்தை அப்படியே உருளையில் சுற்றினால் கன்னமும் காதும் நசுங்கி, முகம் ஒடுங்கிவிடும்.

கிடைக்கோடுகள் செய்யும் குறும்பு வேறு. 20 மீட்டர் உயரத்தில் சுவரைச் சுற்றி மட்டமாக ஒரு கோடு போடுங்கள். சுவரிலிருந்து 20 மீட்டர் தள்ளி நின்று பார்த்தால் அது வில்லாக வளைந்திருக்கும். 60 டிகிரி ஓரங்களில் சுமார் 11 சதவீதம் இறங்கித் தெரியும். 100 மீட்டர் தள்ளிப் போனால் அந்த இறக்கம் இரண்டரை சதவீதத்துக்குள் அடங்கும். ஆக, ஓவியம் எந்த இடத்திலிருந்து பார்ப்பதற்கு என்பதைத் தூரிகை தொடுவதற்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும்.

இவ்வளவையும் ஓவியர் கணக்குப் போட்டா வரைகிறார்? இல்லை. சுவரில் கிறுக்குகிறார். சுவரோவியர்கள் ‘டூடுல் கிரிட்’ என்று சொல்லும் முறை இது. அடிப்பூச்சு காய்ந்ததும் எழுத்து, எண், சுழி, நட்சத்திரம், பெருக்கல் குறி என ஒன்றைப்போல் இன்னொன்று இல்லாதபடி சுவர் முழுக்கக் குறிகளைப் போட வேண்டும். தூக்கி எந்திரத்தின் கூடையில் நிற்பவர் ஒரு நேரத்தில் பார்த்து வரையக்கூடியது சுமார் 2 மீட்டர் சதுரம். அதற்குள் எப்போதும் நான்கு குறிகளாவது இருக்க வேண்டும் என்பதால் இடைவெளி முக்கால் மீட்டர். கண், வாய் வரும் இடங்களில் அரை மீட்டர். முன்பக்கப் பாதிக்கு எண்ணூறுக்கு மேல் கிறுக்கல் தேவைப்படும்.

பிறகு கீழே இறங்கி, பார்வையாளர் நிற்கப்போகும் இடத்திலிருந்து, முக்காலியில் கேமராவை வைத்து ஒரு படம். அதன்மேல் மூல ஓவியத்தைப் பாதி ஒளிபுகும்படி ஏற்றி, ஒரு டேப்லெட்டில் எடுத்துக்கொண்டு மறுபடியும் மேலே. ‘7’-இன் வால்நுனியில் மூக்கின் நிழல் தொடங்குகிறதா, நட்சத்திரத்துக்கு ஒரு சாண் இடதுபுறமாக இறங்குகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டு கோட்டை இழுத்தால் போதும். அது மூக்கு என்றே அவருக்குத் தெரிய வேண்டியதில்லை.

வளைவுத் திருத்தம் எங்கே நடந்தது? புகைப்படத்தில். ஓரத்துக் குறிகளைக் கேமரா ஏற்கெனவே நெருக்கிக் காட்டிவிட்டது. ஓவியம் அந்த நெருக்கத்தின் மேல் ஏற்றப்பட்டது. சுவரில் அதே குறிகளைப் பின்பற்றும்போது, எவ்வளவு நெருங்கியதோ அவ்வளவும் தானாக விரிந்துகொள்கிறது. கொசைன் அட்டவணை முழுவதும் ஒரே சொடுக்கில்! நாடாவால் அளந்துகொண்டே போனால் பிழை சேர்ந்துகொண்டே போகும். சதுரக் கட்டங்களோ எல்லாம் ஒரே சாடை. ஒரு வரிசை தவறினால் காது இடம்பெயர்ந்துவிடும். கிறுக்கலில் பிழை பிறந்த இடத்திலேயே முடிந்துவிடுகிறது. ‘கைராசி’, ‘தெய்வ அருள்’ என்றெல்லாம் இதைப் பாராட்டுபவர்களுக்கு, வடிவியலின் அழகு கண்ணில் படவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

தவறுவதும் உண்டு. பக்கத்தில் நின்று கேமராவை மேல்நோக்கிச் சாய்த்துப் படம் எடுத்தால், சாலையிலிருந்து பார்க்கும்போது நெற்றி வீங்கித் தெரியும். 75 டிகிரிக்கு அப்பால் குறிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் முக்கிய அங்கங்களை 60 டிகிரிக்குள் நிறுத்த வேண்டும். கண்ணுக்குப்படும் அகலத்தில் 87 சதவீதம் அதற்குள் வந்துவிடும். கருப்பில் கிறுக்கிவிட்டு மேலே வெளிர்நிறக் கன்னம் வரைந்தால் குறி எட்டிப்பார்க்கும். புரொஜெக்டரால் படத்தைச் சுவரில் வீழ்த்தி வரைந்தாலும் இதே திருத்தம் கிடைக்கும். ஆனால் இருட்டில்தான் வேலை. கூடையின் நிழல் வேறு படத்தை மறைக்கும்.

சாயம்: முன்பக்கப் பாதி மட்டும் சுமார் 470 சதுர மீட்டர். சொரசொரப்பான கான்கிரீட்டில் லிட்டருக்கு 8 சதுர மீட்டர் என்று வைத்தால் ஒரு பூச்சுக்கு 60 லிட்டர். உயர் அழுத்த நீரால் கழுவி, காயவிட்டு, காரம் தாங்கும் பிரைமர் என்ற அடிப்பூச்சு அடித்த பிறகே அக்ரிலிக் சாயம். கழுவாமல் விட்ட தானியத் தூசும் உப்பும் பூச்சைச் செதிலாக உரித்துவிடும். ரூபன்யப்பில் இருப்பவை எஃகு சைலோக்கள். துத்தநாகம் பூசிய எஃகின் மேல் எண்ணெய்ச் சாயத்தை நேரடியாக அடித்தால் சாயத்தின் எண்ணெய் துத்தநாகத்தோடு வினைபுரிந்து சோப்பாகி, பிடிப்பு போய்விடும். தானியம் இருக்கும் சைலோவில் அடர்நிறம் இன்னொரு தொல்லை: உலோகம் சூடேறி உள்ளே பூச்சிகள் பெருக வழிசெய்யும். பூச்சியைக் கொல்ல விடும் பாஸ்பீன் வாயு நச்சு என்பதால் அப்போது ஓவியர் அருகிலேயே இருக்கக்கூடாது. காற்றும் ஒத்துழைக்க வேண்டும். தூக்கி எந்திரங்கள் பலவற்றின் வரம்பு விநாடிக்கு 12.5 மீட்டர், தெளிப்புச் சாயம் அதற்கு வெகு முன்பே பறக்கத் தொடங்கிவிடும்.

இரும்பு ஆக்சைடு மண்நிறங்கள் வெயிலைத் தாங்கும். கரிமச் சிவப்பும் மஞ்சளும் பல நேரங்களில் சீக்கிரம் வெளுக்கும். வரைவதற்குக் கிடைக்கும் அரசுப் பணத்தில் ஒரு சிறு பங்கையாவது, பத்தாண்டு வெயிலில் எந்தப் பூச்சு எவ்வளவு மங்கியது என்று அளந்து பதிவதற்கு ஒதுக்க வேண்டும் என்பேன். ஓவியத்துக்குத் திறப்பு விழா நடத்தலாம். இந்த அளவீட்டுக்கு விழா எடுக்க முடியாது, அதுதான் சிக்கல்.

பார்க்கப் போகிறவர்களுக்கு: கண் பிரித்தறியும் கோணம் ஏறத்தாழ 1 கலை, அதாவது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. 100 மீட்டரில் அது 3 செ.மீ.; அதைவிடச் சிறிய புள்ளிகள் அங்கிருந்து ஒன்றாகக் கலந்துவிடும். ஆகவே அடியில் போய் நின்றால் கிடைப்பது வெறும் திட்டுகள்; 60 முதல் 100 மீட்டர் வரை தள்ளி நின்று, கைபேசியில் ஜூம் செய்து எடுங்கள். அங்கே வெயில் வடக்குப் பக்கம். தெற்கு பார்த்த சுவர் பெரும்பாலும் நிழலில் கிடக்கும் என்பதால் மேகமூட்டமான நாள் அதற்கு உகந்தது. பின்னால் நகரும்போது தண்டவாளத்தைக் கவனியுங்கள். பல சைலோக்கள் ரயில் பாதையை ஒட்டியே நிற்கின்றன. நவம்பர் முதல் ஜனவரி வரை அறுவடைக் காலம். தானிய லாரிகள் திரும்பும் இடத்தில் காரை நிறுத்தாதீர்கள்.