திருநள்ளாற்றுக்கு மேலே செய்மதி நிற்குமா? விண்பயணங்களைப் பற்றிய சோதிடக் கதைகளைச் சோதித்தல்

வன்னியில் கைத்தொலைபேசி வைத்திருக்கும் பெரும்பாலானோருக்கு இந்தச் செய்தி ஒரு தடவையாவது வந்திருக்கும். திருநள்ளாறு சனீஸ்வரன் கோயிலுக்கு மேலாகச் செல்லும் செய்மதிகள் மூன்று செக்கன் செயலிழந்து நிற்கின்றன, சனிக்கிரகத்திலிருந்து வரும் கருநீலக் கதிர்களே அதற்குக் காரணம், நாசா விஞ்ஞானிகள் திகைத்துப்போய் உண்மையை வெளியே சொல்லாமல் இருக்கிறார்கள் என்பது அதன் சாரம். சனிப்பெயர்ச்சி நெருங்கும்போதும், புரட்டாதிச் சனிக்கு எள்ளெண்ணெய் எரிக்கும் நாட்களிலும் அது மறுபடி வலம் வரும். இதே வகையில் இன்னும் இரண்டு கதைகள் உண்டு. விண்வெளி நிறுவனங்கள் இரகசியமாக நல்ல நேரம் பார்த்தே ரொக்கெட் ஏவுகின்றன என்பது ஒன்று. நாசா தன் பயணங்களைச் சில நட்சத்திரங்கள் குறித்த கோணத்தில் நிற்கும் கணத்தில் நடத்துகிறது என்று அமெரிக்கரான ரிச்சர்ட் ஹோக்லண்ட் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தது மற்றையது.

இவற்றைச் சிரித்து ஒதுக்குவது சரியல்ல என்று நினைக்கிறேன். விண்கலங்கள் புறப்படும் நேரத்தையும் இறங்கும் நேரத்தையும் சூரியனும் சந்திரனும் கிரகங்களும் நிற்கும் நிலைகள் உண்மையிலேயே தீர்மானிக்கின்றன. அதனால்தான் இந்தக் கதைகள் நம்பத்தக்கவை போலத் தோன்றுகின்றன. எப்படித் தீர்மானிக்கின்றன என்பதை விளங்கிக்கொண்டால் கதை எந்த இடத்தில் பிழையாகிறது என்பதும் தெரிந்துவிடும். கோயிலுக்குப் போவதும் விளக்கேற்றுவதும் அவரவர் வழிபாடு. அதைப் பற்றி இங்கே பேச்சில்லை. செய்மதி நிற்கிறது என்பதோ அளந்து பார்க்கக்கூடிய ஒரு கூற்று.

முதலில் நிற்பது என்றால் என்ன என்று பார்ப்போம். ஏறத்தாழ 400 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் செய்மதி செக்கனுக்கு 7.7 கிலோமீற்றர் வேகத்தில் பக்கவாட்டாகப் போய்க்கொண்டிருக்கிறது. புவி அதைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கிறது; அது விழுந்துகொண்டேதான் இருக்கிறது. ஆனால் விழும் அளவுக்குப் புவியின் மேற்பரப்பும் வளைந்துபோவதால் நிலத்தைத் தொடாமல் சுற்றி வருகிறது. அதைத் தாங்கி நிற்பது அந்த வேகம் ஒன்றுதான். அந்த வேகத்தை ஒரு செக்கனுக்குள் இல்லாமல் செய்ய வேண்டுமானால், புவியீர்ப்பைப் போல ஏறத்தாழ 780 மடங்கு அமர்முடுகல் வேண்டும். சூரியத் தகடுகளும் அன்டெனாக்களும் அந்தக் கணத்திலேயே முறிந்து போகும். எப்படியோ முறியாமல் நின்றது என்று வைத்துக்கொண்டாலும், மூன்று செக்கன் கழித்து அதே வேகத்தை மறுபடி கொடுக்க இன்னொரு பெரிய ரொக்கெட் அங்கே வேண்டும். கொடுக்காவிட்டால் அது நேரே கீழே விழும்.

இதைச் சோதிக்க நாசாவிடம் கேட்க வேண்டியதில்லை. முல்லைத்தீவிலிருந்து திருநள்ளாறு நேர்கோட்டில் 215 கிலோமீற்றர் அளவு தூரம்தான். சர்வதேச விண்வெளி நிலையம் திருநள்ளாற்றுக்கு நேர் மேலே வரும்போது, முல்லைத்தீவுக் கடற்கரையில் நிற்பவருக்கு அது வடமேற்கு வானில் ஏறக்குறைய 60 பாகை உயரத்தில் தெரியும். பொழுதுபட்ட பின்னும் விடியும் முன்னும் அந்த நிலையம் வெறுங்கண்ணுக்குத் தெரியும் ஒளிப்புள்ளி. வானத்தை ஐந்தாறு நிமிடத்தில் கடக்கும். எந்த நாளில் எந்தத் திசையில் வரும் என்பது முன்கூட்டியே வெளியிடப்படுகிறது. அந்த இடத்தில் அது மூன்று செக்கனில் முழுநிலவின் அகலத்தைப் போல ஐந்தாறு மடங்கு தூரம் நகர வேண்டும். நகராமல் நின்றால் பள்ளிக்கூடப் பிள்ளைகூடக் கண்டுபிடித்துவிடும். நகர வெளிச்சம் குறைந்த எங்கள் பகுதி இந்த அவதானிப்புக்கு மிகவும் வாய்ப்பானது.

இன்னொரு சாட்சி கடற்றொழிலாளரின் படகில் இருக்கிறது. வலை விட்ட இடத்தைத் திரும்பக் கண்டுபிடிக்க உதவும் ஜிபிஎஸ் கருவி, 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் செய்மதிகளின் நேரக் குறிகளைக் கொண்டு கணிக்கிறது. கணிப்பில் ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தால் தூரம் 300 மீற்றர் பிழைத்துவிடும். அந்த உயரத்தில் திருநள்ளாற்றுக்கு மேலே நிற்கும் செய்மதி, முல்லைத்தீவுக் கடலில் இருப்பவருக்கு உச்சியிலிருந்து இரண்டரைப் பாகை அளவே விலகியிருக்கும். அங்கே அது மூன்று செக்கன் நின்றால், இருக்க வேண்டிய இடத்திலிருந்து 12 கிலோமீற்றர் அளவு பின்தங்கிவிடும். அந்தப் பின்தங்கல் பிறகும் நீடிக்கும். இங்கிருந்து மன்னார் வரை எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் பிழையான இடத்தைக் காட்டியிருக்க வேண்டும். அப்படி நடப்பதில்லை.

கதிரின் கதைக்கு வருவோம். சனி நமக்கு மிக அருகே வரும்போதும் 120 கோடி கிலோமீற்றர் தொலைவில் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் முழுப் பூமியுமே ஒரு சிறு புள்ளி. அந்தப் புள்ளியில் ஒரு கோயிலின் மேல் மட்டும் கதிர் விழ வேண்டுமென்றால், பூமியின் சுழற்சியால் செக்கனுக்கு 450 மீற்றருக்கு மேல் நகரும் அந்தக் கோயிலைக் கதிர் விடாமல் பின்தொடர வேண்டும். அதுவும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் முன்னரே குறிபார்த்து, ஏனென்றால் சனியிலிருந்து ஒளி இங்கு வந்துசேர அவ்வளவு நேரம் எடுக்கும். சனி நம்மை இழுக்கவே இல்லை என்று சொல்ல முடியாது. இழுக்கிறது, அந்த இழுவை மூன்று செக்கனில் ஒரு செய்மதியின் வேகத்தில் செய்யக்கூடிய மாற்றம், செக்கனுக்கு ஒரு மீற்றரின் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு.

இந்தக் கதையைப் பரப்புவோர் காசினியைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தால் நன்றாயிருக்கும். 1997இல் புறப்பட்டு 2004 யூலையில் சனியை அடைந்த அந்த விண்கலம், 2017 செப்ரெம்பர் 15 வரை 13 ஆண்டுகள் சனியையே சுற்றியது. கடைசி மாதங்களில் சனிக்கும் அதன் வளையங்களுக்கும் இடையிலான ஒடுங்கிய வெளிக்குள்ளால் 22 தடவை புகுந்து வந்தது. அதன் வேகம் வானொலி அலைகளின் உதவியால் செக்கனுக்கு ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த நுட்பத்தோடு அளக்கப்பட்டுக்கொண்டே இருந்தது. 120 கோடி கிலோமீற்றருக்கு அப்பால் செய்மதியை நிறுத்தும் கதிர், தன் வாசலில் 13 ஆண்டுகள் சுற்றிய கலத்தை ஒரு தடவையும் நிறுத்தவில்லை.

சனிப்பெயர்ச்சிக் காலத்தில் இந்த விளைவு கூடுகிறது என்றும் சொல்வார்கள். எந்தப் பெயர்ச்சி என்று கேட்க வேண்டியிருக்கிறது. சனி கும்பத்துக்குப் போனது திருக்கணிதப் பஞ்சாங்கத்தின்படி 2023 சனவரி 17. திருநள்ளாறு பின்பற்றும் வாக்கியப் பஞ்சாங்கத்தின்படி 2023 டிசெம்பர் 20. நம் வீடுகளிலும் இரண்டு பஞ்சாங்கங்களும் இருக்கின்றன. வானத்தில் இருப்பது ஒரே சனி. கணிக்கும் முறைகள் இரண்டு. இடையில் 11 மாதம். கிரகணத்தைப் பஞ்சாங்கம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறதே என்பது நியாயமான கேள்விதான். கிரகணம் நிழலின் கணக்கு, அதனால் கணிக்க முடிகிறது. அந்தக் கணக்குத் திறமை, கிரகம் செய்மதியை நிறுத்தும் என்பதற்குச் சான்றாகாது.

இனி நல்ல நேரம். 2020 யூலையில் ஐக்கிய அரபு அமீரகமும் சீனாவும் அமெரிக்காவும் இரண்டு வாரத்துக்குள் ஒன்றன்பின் ஒன்றாகச் செவ்வாய்க்குக் கலங்களை அனுப்பின. மூன்று நாடுகளும் ஒரே முகூர்த்தம் பார்த்ததுபோலத் தோன்றும். பூமியும் செவ்வாயும் தத்தம் பாதையில் சுற்றும்போது, குறைந்த எரிபொருளில் போய்ச்சேரக்கூடிய அமைப்பு 26 மாதங்களுக்கு ஒரு தடவைதான் வாய்க்கிறது. அதைத் தவறவிட்டவர் அடுத்த 26 மாதம் காத்திருக்க வேண்டியதுதான்.

சந்திரப் பயணங்களில் இது இன்னும் துல்லியமாகத் தெரியும். அப்பலோ 11 இறங்கியபோது, இறங்கும் இடத்தில் சூரியன் அடிவானத்திலிருந்து 10.8 பாகை உயரத்தில் இருந்தது. அது திட்டமிட்டுத் தெரிவு செய்த உயரம். சூரியன் மிகத் தாழ இருந்தால் நீண்ட நிழல்கள் குழிகளை மறைத்துவிடும். மிக மேலே இருந்தால் நிழலே இல்லாமல் மேடும் பள்ளமும் ஒன்றாய்த் தெரியும். விண்வெளி வீரர்கள் பாறைகளைக் கண்டு விலகி இறங்க, சூரியன் ஏறத்தாழ 5 முதல் 14 பாகைக்குள் காலைச் சூரியனாக இருக்க வேண்டும். சந்திரனில் சூரியன் நாளொன்றுக்கு 12 பாகை ஏறுவதால், ஓர் இடத்துக்கு மாதத்தில் ஏறக்குறைய ஒரு நாள்தான் பொருந்தும்.

இதிலிருந்து ஒரு விடயம் தானாகவே பிறக்கிறது. வளர்பிறை என்பது நமக்குத் தெரியும் சந்திர முகத்தில் சூரிய உதயக் கோடு நாளுக்கு நாள் நகரும் காலம்; தேய்பிறையில் அதே முகத்தில் நகர்வது அஸ்தமனக் கோடு. ஆகவே அந்த முகத்தில் காலை வேளையில் இறங்க விரும்பும் எந்தக் கலமும் வளர்பிறையில்தான் இறங்கியாக வேண்டும். 1969 முதல் 1972 வரையிலான ஆறு அப்பலோ இறக்கங்களும் வளர்பிறையிலேயே நடந்தன. சூரிய ஒளியில் இயங்கி ஒரு சந்திரப் பகல் மட்டும் வேலை செய்யும்படி அமைக்கப்பட்ட சந்திரயான் 3, 2023 ஓகஸ்ட் 23இல் இறங்கியதும் வளர்பிறையில்தான். சுபநாள் பார்த்தார்கள் என்று ஒருவர் சொன்னால் இந்தப் பட்டியல் முழுவதும் அவருக்கு ஆதரவாகத் தோன்றும். ஆனால் சீனாவின் சாங்ஙே 4 சந்திரனின் மறுபக்கத்தில் இறங்கியது. அங்கே காலை வருவது நமக்குத் தேய்பிறையாக இருக்கும்போது. 2019 சனவரி 3இல், அமாவாசைக்கு மூன்று நாள் முன்னர், அது பிழையின்றி இறங்கியது.

சந்திரயான் 3 இறங்கிய அதே வளர்பிறையில், நான்கு நாள் முன்னர், ரஷ்யாவின் லூனா 25 சந்திரனில் மோதி அழிந்தது. 84 செக்கன் எரிய வேண்டிய இயந்திரம் 127 செக்கன் எரிந்தது. வேக மாற்றத்தை அளக்கும் அலகு இயங்கத் தொடங்காததால் இயந்திரத்தை நிறுத்தும் கட்டளை பிறக்கவில்லை. அன்று சனிக்கிழமை, அதுதான் காரணம் என்று சொல்வோர் இருப்பார்கள். அடுத்த மாதம் சூரியனை ஆராயும் இந்தியக் கலமான ஆதித்யா எல்1 ஏவப்பட்டதும் சனிக்கிழமை, தேய்பிறையில். 2024 சனவரி 6இல் அது தன் இடத்தை அடைந்ததும் சனிக்கிழமை. என்விஎஸ் 01 என்ற வழிகாட்டிச் செய்மதியை இஸ்ரோ ஏவியது 2023 மே 29, திங்கட்கிழமை காலை 10.42க்கு, பஞ்சாங்கத்தில் அது யமகண்டம். செய்மதி சரியாகவே போய்ச்சேர்ந்தது. வென்றதை மட்டும் எண்ணி வைத்து, தோற்றதற்குப் பிறகு காரணம் தேடும் எந்த முறையும் என்றைக்கும் தோற்காது. அதனாலேயே அதைச் சோதனை என்று ஏற்க முடியாது.

ஹோக்லண்டின் கூற்றைச் சோதிக்கக் கணக்கு ஒன்றே போதும். சிரியஸ், ஒரியன் கச்சை, மகம் என்னும் ரெகுலஸ் ஆகிய மூன்றில் ஒன்று, அடிவானத்திலோ அதற்கு மேலே அல்லது கீழே 19.5 அல்லது 33 பாகையிலோ, வடக்குத் தெற்காக உச்சி வழியே செல்லும் உச்சிக் கோட்டிலோ நிற்கும் கணத்தில் நாசா காரியம் செய்கிறது என்பார்கள். ஒரு நட்சத்திரம் ஐந்து உயரங்களையும் ஏறும்போதும் இறங்கும்போதும் கடக்கிறது. உச்சிக் கோட்டை நாளில் இரு தடவை கடக்கிறது. மொத்தம் 12 கணங்கள். மூன்றுக்கும் 36. ஒரு பாகை முன்பின் இருக்கலாம் என்று சலுகை கொடுத்தால், ஒவ்வொரு கணமும் குறைந்தது எட்டு நிமிடமாக விரியும். மொத்தம் 288 நிமிடம், ஒரு நாளின் ஐந்தில் ஒரு பங்கு. ஏவுதளம், கட்டுப்பாட்டு நிலையம், இறங்கும் இடம் என்று மூன்று இடங்களில் எதிலிருந்து பார்த்தாலும் சரி என்றால், வாய்ப்பு பாதியை நெருங்குகிறது. ஏவியது, இறங்கியது, முதல் அடி வைத்தது என்று மூன்று நிகழ்வுகளில் ஏதாவது ஒன்று பொருந்தினால் போதும் என்றால், பத்துப் பயணங்களில் ஏறத்தாழ ஒன்பதில் பொருத்தம் கிடைத்தே தீரும். கண்ணை மூடிக்கொண்டு திகதி குறித்தாலும் இதே அளவு பொருத்தம் கிடைக்கும்.

விஞ்ஞானிகளுக்கும் நம்பிக்கைகள் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. இஸ்ரோ தலைவர்கள் ஏவுதலுக்கு முன் ரொக்கெட்டின் சிறு மாதிரியைத் திருப்பதிக்கு எடுத்துச் செல்வது செய்திகளில் வந்திருக்கிறது. இஸ்ரோவின் பிஎஸ்எல்வி ரொக்கெட் வரிசையில் சி12க்கு அடுத்தது சி14. ஆனால் 13ஐ ஒதுக்குவதால் எந்தப் பழுதும் திருந்துவதில்லை. 1970இல் அப்பலோ 13இன் ஒட்சிசன் தாங்கி வெடித்ததற்கு, 28 வோல்ற்றுக்குச் செய்த ஆளிகளில் தரைச் சோதனையின்போது 65 வோல்ற்று கொடுத்ததும், ஆளிகள் ஒட்டிக்கொண்டு கம்பிகளின் காப்புறை கருகியதும் காரணங்களாகக் கண்டறியப்பட்டன. அதற்குப் பிறகு தாங்கியின் அமைப்பு மாற்றப்பட்டது.

நிலத்தில் உள்ள ஓர் இடம் விண்பயணத்தின் பாதையை மாற்றும் உண்மையான உதாரணம் ஒன்றும் இருக்கிறது. அது நாங்கள் வாழும் தீவு. முல்லைத்தீவிலிருந்து வடக்கே 500 கிலோமீற்றர் அளவு தொலைவில் இருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து, துருவங்களுக்கு மேலாகச் சுற்றும் செய்மதியை அனுப்ப ரொக்கெட் நேரே தெற்கே போக வேண்டும். நேரே போனால் எரிந்து முடிந்த அடுக்குகளும், விபத்து நேர்ந்தால் முழுக் கலமும், இலங்கையின் மேல் விழக்கூடும். ஆகவே பிஎஸ்எல்வி முதலில் தென்கிழக்கே கடலுக்கு மேலாகப் பறந்து, தீவைத் தவிர்த்த பின்னரே தெற்கே திரும்புகிறது. அந்தத் திருப்பத்துக்கு எரிபொருள் செலவாகிறது. சுமக்கக்கூடிய எடை குறைகிறது. சிறிய ரொக்கெட்டுகளுக்கு இந்த இழப்பு தாங்க முடியாதது என்பதால்தான், நேர் தெற்கே ஏவினாலும் இலங்கைக்கு மேற்கே கடலுக்கு மேலாகவே போகும்படி, தூத்துக்குடி மாவட்டத்தின் குலசேகரப்பட்டினத்தில் புதிய ஏவுதளத்துக்கு 2024 பெப்ரவரி 28இல் அடிக்கல் நாட்டினார்கள்.