டூரிங் டயர்: சொல் விளக்கம்

வேலூரில் எந்த டயர் கடையில் போய் “பைக்குக்கு டூரிங் டயர் இருக்கா?” என்று கேட்டாலும், “வண்டி என்ன?” என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். கேட்க வேண்டியதும் அதுதான். டூரிங் என்பது ஓர் அளவும் அல்ல, தர முத்திரையும் அல்ல. டயர் கம்பெனிகள் தங்கள் பட்டியலைப் பிரிக்க வைத்துக்கொண்ட வகைப்பெயர். நெடுந்தூரம் ஓடியும் சீக்கிரம் தேயாத ரப்பர், மழையில் தண்ணீரை வெளியேற்றும் பட்டன் (டயரின் மேல்தோலில் பள்ளம் விட்டு அமைத்த மேடுகள்), பின்னால் ஆளும் சாமானும் ஏறினாலும் தாங்கும் உடம்பு ஆகிய மூன்றும் இருந்தால் அந்தப் பெயரில் விற்பார்கள். எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்குப் பொது வரையறை இல்லை.

டயர் என்ற ஆங்கிலச் சொல் ‘அட்டையர்’ என்பதன் முன்னெழுத்து உதிர்ந்த வடிவம் என்பது சொற்பிறப்பு அறிஞர் பலரும் ஏற்கும் கருத்து. அட்டையர் என்றால் உடுப்பு, அணிமணி. மரச்சக்கரத்துக்கு மாட்டிய இரும்பு உடுப்புதான் முதல் டயர். ரப்பர் பின்னால் வந்தது. காற்றடைத்த டயருக்கு ராபர்ட் வில்லியம் தாம்சன் 1845-லேயே காப்புரிமை பெற்றார். அது சந்தையில் நிற்கவில்லை. 1888-ல் ஜான் பாய்ட் டன்லப் சைக்கிளுக்குச் செய்ததுதான் ஊரெல்லாம் பரவியது.

அந்த இரும்பு உடுப்புக்கு வட ஆற்காட்டு வண்டிப்பட்டறையில் தனிப்பெயர் உண்டு: பட்டா. (நிலப் பட்டா வேறு.) இரும்பு வளையத்தை எருமுட்டைத் தீயில் பழுக்கக் காய்ச்சி, விரிந்த சூட்டோடு மரச்சக்கரத்தின் மேல் இறக்கி, தண்ணீர் ஊற்றுவார்கள். இரும்பு சுருங்கி மரத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். சங்கப் பாட்டில் வரும் ‘சூட்டு’ சக்கரத்தின் விளிம்பு வட்டையைக் குறிக்கும். அது ரிம்முக்குத்தான் நெருக்கம். டயருக்கு இன்று எழுத்தில் வழங்கும் ‘உருளிப்பட்டை’ நல்ல ஆக்கம். உருளியைச் சுற்றிய பட்டை என்பதில் பழைய பட்டாவின் வாசனையும் இருக்கிறது. கட்டுரையில் தாராளமாக எழுதலாம். பஞ்சர் கடையில் டயர் என்றே சொல்லுங்கள்.

டூர் என்ற சொல் பிரெஞ்சு, லத்தீன் வழியே கிரேக்க ‘டோர்னோஸ்’ வரை போகிறது. வட்டம் வரையும் கருவிக்கும் கடைசல் கருவிக்கும் அங்கே அந்தப் பெயர். சுற்றி வருதல் என்ற பொருள் அதிலிருந்து விரிந்தது. தமிழில் ‘சுற்றுலா’வும் சுற்றிலிருந்தே பிறந்தது என்பது இனிய ஒற்றுமை. ஆனால் சுற்றுலா டயர் என்றால் டூரிஸ்ட் வேன் நினைவுக்கு வந்துவிடும். ‘நெடும்பயண உருளிப்பட்டை’ என்பதே பொருளுக்குப் பொருந்தும்.

இனி கடைக்குப் போவோம். பழைய டயரின் பக்கவாட்டைத் துடைத்துப் படித்தால் பாதி வேலை முடிந்தது. ஒரு பைக்கின் பின் டயரில் 130/70-18 63எச் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அகலம் 130 மி.மீ., உயரம் அதில் 70 விழுக்காடு, அதாவது 91 மி.மீ. ரிம் 18 அங்குலம். 63 என்பது சுமைக் குறியீடு: 272 கிலோ. எச் என்பது வேகக் குறியீடு: மணிக்கு 210 கி.மீ. “அதே அளவுதான்” என்று சொல்லி 57 எண் டயரை நீட்டினால் வாங்காதீர்கள். அதன் தாங்குதிறன் 230 கிலோ. குறைகிற 42 கிலோதான் பக்கப் பெட்டிகளும் அவற்றுக்குள் இருக்கும் சாமானும். சுமை மிஞ்சினால் டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மேல் மடங்கி நிமிரும். அந்த மடங்கலில் சூடு பிறக்கும். சூட்டில் ரப்பரும் உள்நூலும் பிரியத் தொடங்கும். சித்திரை வெயிலில் நான்குவழிச் சாலையில் டயர் வெடிப்பதற்கு இதுவும் காற்றுக் குறைவும்தான் முக்கியக் காரணங்கள்.

பார்வைக்குக் கம்பீரமாக இருக்கும் என்று 140/70-18 போடுகிறவர்கள் உண்டு. மொத்த விட்டம் 639 மி.மீட்டரிலிருந்து 653 ஆகும். பின்சக்கரத்திலிருந்து வேகம் எடுக்கும் ஸ்பீடோமீட்டர் என்றால், அது காட்டும் அதே வேகத்துக்கு வண்டி முன்பைவிட இரண்டு விழுக்காடு கூடுதலாக ஓடும். அதுகூடப் பெரிதில்லை. குறுகிய ரிம்மில் அகல டயரைத் திணித்தால் விளிம்புகள் உள்ளே இழுபட்டு டயரின் முதுகு கூம்பிவிடும். சாயும்போது ரோட்டைத் தொடவேண்டிய இடம் தொடாது. செயினும் மட்கார்டும் உரசுகிறதா என்பதையும் பார்க்க வேண்டியிருக்கும்.

அளவில் 70-க்கும் 18-க்கும் நடுவே கோடு இருந்தால் நூல் அடுக்குகள் குறுக்காகப் பின்னிய டயர். ஆர் இருந்தால் ரேடியல். லத்தீனில் ‘ரேடியஸ்’ என்றால் சக்கரத்தின் ஆரக்கால். தமிழில் ஆரமும் ஆரக்காலும் ஒரே வேர். ஆகவே ‘ஆரவகை’ என்று தயங்காமல் சொல்லலாம். உள்நூல் ஆரக்கால் போலவே நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக ஓடுவதால் ஓட்டத்தில் சூடு குறையும். முன்னால் ஒரு வகை, பின்னால் இன்னொரு வகை என்று கலந்து போடுவது, வண்டிக் கம்பெனியே அப்படி அனுமதித்திருந்தால் தவிர, வேண்டாம்.

தேய்மானம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். வேலூரிலிருந்து பெங்களூருக்கோ சென்னைக்கோ நேர்ரோட்டிலேயே ஓடும் வண்டியில் டயரின் நடுமுதுகு மட்டும் தேய்ந்து சப்பையாகும்; ஓரத்தில் பட்டன் புதிதுபோல இருக்கும். அந்த டயரோடு ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் பாருங்கள். வண்டி முதலில் சாய மறுக்கும். பிறகு சப்பையின் விளிம்பைத் தாண்டியதும் பொத்தென்று விழுவதுபோலச் சாயும். நடுவில் கெட்டி ரப்பரும் இரண்டு ஓரங்களில் மென்ரப்பரும் வைத்த இருகலவை டயர் இதற்காகவே வந்தது. ஜவ்வாது மலையின் மண்தடங்களில் அடிக்கடி போகாதவர்கள் பெரிய கட்டைப் பட்டன் டயருக்கு ஆசைப்பட வேண்டாம். தார்ரோட்டில் இரையும், ஈரத்தில் பிடிப்புக் குறையும், சீக்கிரம் தேயும்.

பள்ளத்துக்குள் குறுக்கே தெரியும் சிறு மேடு தேய்மானக் குறி. இருசக்கர டயரில் அது 0.8 மி.மீ. பட்டன் அந்த மட்டத்துக்கு வந்தால் மொட்டை டயர்தான். நெடும்பயணத்துக்குக் கிளம்புகிறவர் 2 மி.மீட்டரிலேயே மாற்றிவிடுவது நல்லது.

பட்டன் இருந்தும் டயர் செத்திருக்கலாம். பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் தேடுங்கள். 1824 என்றால் 2024-ன் 18-வது வாரத்தில் செய்தது. புதிது என்று விற்கும் டயரிலும் இதைப் பார்க்க வேண்டும். வெயில் படும்படி கடை வாசலில் மாட்டி வைத்திருந்த டயர் விலை குறைவாகக் கிடைத்தாலும் வேண்டாம். ஐந்து வருடம் தாண்டினால் வருடாவருடம் வெடிப்புப் பார்க்க வேண்டும். பத்து வருடத்துக்கு மேல் பட்டன் எவ்வளவு இருந்தாலும் ஓட்டக்கூடாது.

கம்பி வீலில் ட்யூப்லெஸ் டயரை ட்யூபோடு மாட்டலாம். சாதாரணக் கம்பி வீலில் ட்யூப் இல்லாமல் மாட்டினால், கம்பியை ரிம்மோடு பூட்டும் நிப்பிள் வழியே காற்று இறங்கும். டயரோடு புது ட்யூபும் ரிம் டேப்பும் போடச் சொல்லுங்கள். பழைய ட்யூப் விரிந்து போயிருக்கும். புது டயருக்குள் மடிந்து, மடிப்பிலேயே கிழியும். ட்யூப் இல்லாத அலாய் வீலில் வால்வை மாற்றச் சொல்லுங்கள்.

மாட்டியபின் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். பக்கவாட்டு அம்புக்குறி ஓடும் திசைக்கு இருக்கிறதா? டயரின் எடை குறைந்த இடத்தைக் காட்டும் வண்ணப்புள்ளி இருந்தால் வால்வுக்கு நேராக நிற்கிறதா? ரிம்மை ஒட்டி ஓடும் மெல்லிய கோடு இருபக்கமும் சுற்றிலும் ஒரே இடைவெளியில் தெரிகிறதா? கோடு ஓரிடத்தில் அமுங்கியிருந்தால் விளிம்பு உட்காரவில்லை. காற்றை இறக்கி, சோப்புத் தண்ணீர் தடவி மறுபடி அடிக்க வேண்டும். பிறகு சக்கரத்தின் எடையைச் சமன்செய்யும் பேலன்ஸிங்.

காற்று அளவை டயரில் பார்க்காதீர்கள். அங்கே போட்டிருப்பது உச்ச அளவு. வண்டிக் கையேட்டில் தனியாகப் போக ஓர் அளவும், ஆளும் சாமானும் ஏற்ற இன்னோர் அளவும் இருக்கும். காலையில் டயர் ஆறியிருக்கும்போது அடியுங்கள். வாணியம்பாடி வரை ஓட்டிவிட்டுச் சூட்டோடு பார்த்தால் சில பவுண்டு கூடத்தான் காட்டும். அதை இறக்கிவிடக் கூடாது. புது டயரின் மேல்தோல் வழவழப்பாக இருக்கும். முதல் 150 கி.மீ. வரை வேகமாகச் சாய்க்காமல், பிரேக்கை அழுத்திப் பிடிக்காமல் ஓட்டுங்கள்.